டி-மேனோஸ் பொடி: இரண்டு டப்பா தீர்ந்த பிறகு

ஓராண்டுக்குள் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்து, மூன்று முறையும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு, தொற்று அடங்கிய கையோடு வயிறு கெட்டுப்போய் அவதிப்பட்ட பிறகே இந்தப் பொடியை இணையத்தில் வாங்கினேன். 100 கிராம் டப்பா. நாளொன்றுக்கு 2 கிராம் என்ற கணக்கில் ஐம்பது நாளுக்கு வரும். வெள்ளை நிறம், சர்க்கரையைவிடக் குறைந்த இனிப்பு, தண்ணீரில் கலக்கினால் அடியில் தங்காமல் கரைந்துவிடுகிறது. குடிப்பதற்கு ஒரு சிரமமும் இல்லை.

டி-மேனோஸ் என்பது குளுக்கோஸுக்கு மிக நெருங்கிய உறவுள்ள எளிய சர்க்கரை. ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழங்களிலும் சிறிதளவு இருக்கிறது. சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா, தன் உடலிலுள்ள மயிரிழை போன்ற நீட்சிகளின் நுனியால் சிறுநீர்ப்பையின் உட்சுவரிலுள்ள மேனோஸைப் பற்றிக்கொண்டுதான் அங்கே தங்குகிறது. நாம் குடிக்கும் மேனோஸின் ஒரு பகுதி சிறுநீரில் கலந்து வரும்போது, அந்த நுனிகள் சுவரை விட்டுவிட்டு இதைப் பற்றிக்கொண்டு சிறுநீரோடு வெளியேறிவிடும் என்பதே இப்பொடியின் அடிப்படை. இது பாக்டீரியாவைக் கொல்வதில்லை. ஆகவே குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களும் ஆன்டிபயாட்டிக்கில் அழிவதுபோல் இதில் அழிவதில்லை. என்னை வாங்க வைத்தது இந்த விளக்கம்தான். கேட்பதற்கு அவ்வளவு அழகாக இருக்கிறது.

ஆனால் ஆய்வுகள் அந்த அழகுக்கு ஈடு கொடுக்கவில்லை. 2014இல் வெளியான குரோஷிய ஆய்வில் 308 பெண்கள் ஆறு மாதம் கவனிக்கப்பட்டனர்; மேனோஸ் குடித்தவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கும், எதுவும் எடுத்துக்கொள்ளாதவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கும் தொற்று திரும்பியது. விற்பனையாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவது இதைத்தான். அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க மேனோஸ் இல்லாத போலிப் பொடி தரப்படவில்லை, யார் எதைக் குடிக்கிறார்கள் என்பதும் மறைக்கப்படவில்லை. 2024இல் வெளியான பிரிட்டன் ஆய்வு இரண்டையும் செய்தது: 598 பெண்கள், ஆறு மாதம், ஒரு பிரிவினருக்கு மேனோஸ், மறு பிரிவினருக்குப் போலிப் பொடியாக ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. தொற்று எனச் சந்தேகித்து மீண்டும் மருத்துவ உதவி நாடியவர்கள் முறையே 51.0, 55.7 சதவீதம், இந்த வேறுபாட்டைப் பொடியின் பலன் என்று சொல்ல இடமில்லை.

குடலைப் பற்றி டப்பாவில் எழுதியிருப்பது இன்னும் துணிச்சலானது. 'குடல் நலம் காக்கும்' என்கிறார்கள். மேனோஸ் குடல் நுண்ணுயிர்களின் விகிதத்தை மாற்றியது எலிகளில். மனிதரின் குடலுக்கு அதனால் நன்மை என்று சொல்ல அது போதாது. என் குடல் சொன்னது வேறு. முதல் இரண்டு வாரம் வயிறு உப்புசமாகவும் வாயுவாகவும் இருந்தது. ஆர்வக்கோளாறில் ஒரு நாள் மூன்று முறை குடித்தபோது பேதியே ஆனது. சிறுகுடல் உறிஞ்சாமல் விடும் சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் நொதித்தால் இப்படித்தான் ஆகும். அளவை 2 கிராமுக்குக் குறைத்து, காலை உணவுக்குப் பின் குடிக்கத் தொடங்கியதும் அடங்கியது. இருந்தாலும், ஆன்டிபயாட்டிக் தந்த வயிற்றுக் கோளாறோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதினோராவது வாரத்தில் நீர்க்கடுப்பு மீண்டும் வந்தது. சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் தெரிந்ததும் அதே ஈ.கோலைதான். அதற்கு முந்தைய பத்து வாரம் நிம்மதியாக இருந்ததற்குப் பொடி காரணமா, பொடியைச் சாக்கிட்டு நாள்தோறும் கூடுதலாகக் குடித்த தண்ணீர் காரணமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பேருந்தில் நெடுநேரம் போகும்போது கழிப்பறைக்கு வழியில்லை என்று தண்ணீரையே தவிர்த்து வந்தவள் நான். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அடிக்கடி தொற்றும் உள்ள 140 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. செலவில்லாத அந்த மருந்தின் கணக்கு இந்தப் பொடியின் கணக்கைவிட நம்பும்படி இருக்கிறது.

மூன்றாவது டப்பா வாங்கவில்லை. பொடியின் தரத்தில் எனக்குக் குறையில்லை, குறை லேபிளில்தான். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் ஆகியவை இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ இதை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் எங்கும் இல்லை. 'இயற்கையானது' என்ற சொல் மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது.