ரோட்டரி ட்ரம்பெட்டுக்குப் பெட்டியும் மவுத்பீஸும் வாங்கி நான் பட்ட பாடு

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ரோட்டரி வால்வு ட்ரம்பெட் வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லை. இருக்கிற சிலராவது என்னைப் போல் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 14,300 ரூபாய். பணம் போனதைவிட, நல்லபடியாக வந்து சேர்ந்த கருவி என் கையில் அடிபட்டதே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

நான் ஈரோடு மாவட்டம் கோபிக்காரன். பதினாறு வருடமாகக் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சிலும் வாசிப்பேன். இதுவரை கையில் இருந்ததெல்லாம் மீரட்டில் செய்த பிஸ்டன் ட்ரம்பெட்தான். போன தை மாதம், ஜெர்மனியில் வேலை பார்க்கும் மாமா மகன் ஊருக்கு வந்தபோது பழைய ரோட்டரி ட்ரம்பெட் ஒன்றை இரண்டு ஸ்வெட்டரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். செக் நாட்டில் செய்தது. பெட்டியும் இல்லை, உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸும் இல்லை.

இதைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிஸ்டன் ட்ரம்பெட்டில் அழுத்தினால் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் லீவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் உருளை கால் வட்டம் திரும்பும். வியன்னாவில் ஜோசப் ரீடில் 1835இல் காப்புரிமை வாங்கிய முறை இது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இன்றும் இந்த வகை ட்ரம்பெட்டைத்தான் வாசிக்கிறது. பிஸ்டன் கருவியை நிமிர்த்திப் பிடிப்போம், இதைப் படுக்கவைத்தாற்போல் பிடிக்க வேண்டும். பிஸ்டனைவிட இது அகலம் அதிகம், தடிமன் குறைவு. லீவர்களும் அவற்றை உருளையோடு இணைக்கும் மெல்லிய கம்பிகளும் வெளியே தெரியும்படி இருக்கும். ஆகவே பிஸ்டன் பெட்டியில் இது உட்காராது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது கடைக்காரர் சொன்னதை நம்பினேன்.

கோவையில் ஒரு வாத்தியக் கடை. பெயர் சொல்லவில்லை, வழக்கு நடக்கிறது. "ரோட்டரிக்குன்னே வந்த பெட்டிங்க தம்பி, வேற எங்கயும் கெடைக்காது" என்று ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவைத்தார். அன்றைக்குக் கருவியைக் கொண்டுபோகாமல் விட்டது என் தப்பு. செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அட, இதுக்கேதானுங்க" என்றார். பெட்டி 5,800. அப்புறம் மவுத்பீஸ். கருவியைக் கொண்டுவந்தால் பொருத்திப் பார்த்துத் தருவதாகச் சொன்னதால் மறுவாரம் எடுத்துக்கொண்டு போனேன். "ஜெர்மன் ஷாங்க்" என்று சொல்லி ஒன்றை எடுத்தார் (ஷாங்க் என்றால் மவுத்பீஸில் கருவியின் குழாய்க்குள் நுழையும் வால் பகுதி). அது உள்ளே போகாமல் பாதியில் நின்றது. "ரெண்டே நிமிஷம்" என்று உள்ளே எடுத்துப்போனார். திரும்பி வந்தபோது சரியாக நுழைந்தது. 8,500 கொடுத்தேன். அந்த இரண்டு நிமிடம் உள்ளே என்ன நடந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

வாசித்துப் பார்த்தால் கீழ் ஸ்வரங்கள் பரவாயில்லை. மேலே ஏற ஏறச் சுருதி பிடிபடவில்லை. கீழே வாசித்ததை அதே விரல்களை அழுத்தி மேல் ஆக்டேவில் வாசித்தால் சேரவில்லை. புதுக் கருவி, உதடு பழகவில்லை என்று நினைத்து இரண்டு வாரம் விடாமல் சாதகம் செய்தேன். உதடு வீங்கியதுதான் மிச்சம்.

மூன்றாவது வாரம் காங்கேயத்தில் ஒரு கல்யாணம். பஸ்ஸில் பெட்டியை மேலே போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு, ஊர்வலம் கோயிலைத் தாண்டியிருக்கும், இரண்டாவது லீவர் கீழே போனது மேலே வரவில்லை. விரலால் தூக்கிவிட்டுத் தூக்கிவிட்டு வாசித்தேன். கூட வாசித்த அண்ணன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பாட்டு முடிந்ததும் பழைய பிஸ்டனை எடுத்துக்கொண்டேன்.

கோவையில் ஃபிரெஞ்சு ஹார்ன் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஹார்னிலும் இதே ரோட்டரி வால்வுதான். அவரிடம் போனேன். வால்வின் பின்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். உருளையின் தண்டில் ஒரு கோடு, சுற்றியுள்ள தட்டில் இரண்டு கோடு. லீவர் சும்மா இருக்கும்போது தண்டின் கோடு ஒன்றோடு நேராக நிற்க வேண்டும், அழுத்தினால் மற்றதோடு. என்னுடையதில் இரண்டாவது வால்வு இரண்டிலும் நேராக நிற்கவில்லை. லீவரின் கை வளைந்து, தடுப்புக் கார்க் ஒருபக்கமாக நசுங்கிக் கிடந்தது. "எங்கயாச்சும் போட்டுட்டீங்களா?" என்றார். போடவில்லை என்றேன். "அப்ப பெட்டியக் கொண்டாங்க பாப்போம்."

பெட்டியைக் கொண்டுபோனேன். மூன்று லீவர்களின் மேலும் சாக்பீஸ் தூளைத் தடவி, கருவியை உள்ளே வைத்து, மூடியைச் சாத்திப் பூட்டினார். மறுபடி திறந்தார். மூடியின் கறுப்பு வெல்வெட்டில் மூன்று வெள்ளைப் புள்ளி, நடுவில் இருப்பது மட்டும் அழுத்தமாக. வெல்வெட்டின் ஓரத்தைப் பிரித்தால், உள்ளே பிஸ்டன் ட்ரம்பெட்டுக்கான ஃபோமை பிளேடால் கன்னாபின்னாவென்று அகலமாக அறுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் மூடி லீவரை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. கோபியிலிருந்து காங்கேயம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த அடி லீவருக்குப் போயிருக்கிறது.

மவுத்பீஸை அவரே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எட்டிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார். தொண்டைத் துளையின் சுவரில் திருகாணி மாதிரி கீறல்கள், உதடு படும் கிண்ணம் துளையோடு சேரும் இடத்தில் ஒரு விளிம்பு. நல்ல மவுத்பீஸில் அந்த இடம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். கணபதியில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் நண்பனிடம் எடுத்துப்போனேன். பாக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மவுத்பீஸ்களில் வழக்கமான துளை 3.66 மி.மீ. என் மவுத்பீஸில் 4 மி.மீ. டிரில் பிட் தடையில்லாமல் உள்ளே போய்வந்தது. ரோட்டரிக்கான மவுத்பீஸ்களில் துளை பெரிதாக, 4 மி.மீ.க்கு அருகே இருப்பது உண்டு. ஆனால் துளைக்கு ஏற்றபடி அதற்குப் பின்னால் உள்ள உட்குழலும் விரிந்து போக வேண்டும். என்னுடையதில் சாதாரண மவுத்பீஸில் துளையை மட்டும் டிரில் போட்டுப் பெரிதாக்கி, பின்பகுதியை அப்படியே விட்டிருந்தார்கள். சுருதி சேராததற்குக் காரணம் அதுதான்.

ஷாங்க்கையும் பார்த்தோம். ட்ரம்பெட் ஷாங்க் ஏறக்குறைய 20க்கு 1 என்ற விகிதத்தில் கூம்பும், அந்தச் சரிவு குழாயின் வாயோடு முழுக்க ஒட்ட வேண்டும். பழைய ஐரோப்பியக் கருவிகளில் இந்த அளவு அமெரிக்க அளவோடு ஒத்துப்போகாமல் இருக்கலாம். நண்பன் ஷாங்க்கில் மார்க்கிங் புளூ (ஒட்டும் இடத்தில் மட்டும் அழியும் நீல மை) தடவி, குழாயில் வைத்து லேசாகத் திருகி எடுத்தான். வெளிவாய்ப் பக்கம் ஒரு மெல்லிய வளையம் மட்டும் அழிந்திருந்தது, மற்ற இடமெல்லாம் நீலம் அப்படியே. எம்ரித் தாளால் கையில் தேய்த்து ஒல்லியாக்கியிருக்கிறார்கள். வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிந்தது. நுனி குழாயின் சுவரில் ஒட்டாமலே நின்றிருக்கிறது.

மவுத்பீஸ் எண்ணைப் பற்றி இன்னொன்றும் சொன்னார் கடைக்காரர்: "நம்பர் பெருசானா வாய் பெருசுங்க." பாக் வரிசையில் அது தலைகீழ். 7சியின் உள்விட்டம் 16.20 மி.மீ., 1½சி அதைவிடப் பெரிது. யமஹாவிலும் ஷில்கேயிலும்தான் எண் கூடினால் விட்டம் கூடும். தவிர, அந்த எண் விளிம்பையும் கிண்ணத்தையும்தான் குறிக்கும். ஷாங்க் உங்கள் கருவியில் உட்காருமா என்பதை எந்த எண்ணும் சொல்லாது. கருவியைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், ஆடினாலோ பாதியில் நின்றாலோ வேண்டாம் என்று வந்துவிடுங்கள். உங்கள் கண்ணெதிரே யாராவது தேய்க்கக் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பெட்டிக்கு அந்தச் சாக்பீஸ் சோதனை போதும், கடையிலேயே செய்துவிடலாம். மவுத்பீஸுக்குத் தனிக் குழி இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே உருண்டால் கருவியின் விரிந்த வாயான பெல்லில் பள்ளம் விழும்.

இருபத்துநாலாவது நாள் கடைக்குத் திரும்பப் போனேன். "யூஸ் பண்ணீட்டீங்க, எடுக்கமாட்டமுங்க" என்றார். பில்லில் "பேண்டு சாமான் – 2" என்று மட்டும் எழுதியிருந்தது. வாங்கும்போதே நான் அதைப் படித்து, ரோட்டரி என்ற சொல்லை எழுத வைத்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து பதிந்தேன். கடை அசையவில்லை. பிறகு ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

லீவரை அந்தப் பெரியவர் நிமிர்த்திக் கொடுத்துவிட்டார், கார்க்கும் மாற்றியாயிற்று, கோடுகள் இப்போது நேராக நிற்கின்றன. மவுத்பீஸுக்கு மாமா மகனிடம் ஷாங்க் அளவை அனுப்பியிருக்கிறேன். பழைய பெட்டியின் மூடியில் இருக்கும் மூன்று வெள்ளைப் புள்ளிகளை நான் துடைக்கவில்லை. மனுவோடு அதன் படத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.