ஏற்றத்தில் சூடாகும் மோட்டார்ஹோம்: பெரிய ரேடியேட்டரா, வேறு வழியா?

சமதளத்தில் ஒழுங்காக ஓடும் பெரிய மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) நீண்ட ஏற்றத்தில் மட்டும் சூடானால், உடனே வரும் யோசனை “பெரிய ரேடியேட்டர் போட்டுவிடு” என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஏற்றத்தில் வேகம் குறைந்து எதிர்காற்றும் குறைந்துவிடுகிறது, எஞ்சினோ முழு பலத்தில் வெப்பத்தைக் கொட்டுகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டர் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்பதை வைத்துத்தான் எந்த வழியையும் எடைபோட வேண்டும்.

அப்படிப் பார்த்தால் முதலிடம் ரேடியேட்டரைக் கழுவுவதற்குத்தான். எஞ்சினும் ரேடியேட்டரும் பின்னால் இருக்கும் டீசல் வண்டிகளில் ஃபேன் பெரும்பாலும் காற்றை உள்ளிருந்து வெளியே தள்ளும். கிராங்க்கேஸ் பிரீதர் குழாயிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியே விடும் குழாய்) வரும் எண்ணெய்ப் புகையும் சக்கரம் கிளப்பும் தூசியும் சேர்ந்து, ஃபேன் பக்கம் கறுப்புப் பசையாகப் படிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் புதிது மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஃபேன் பக்கம் டார்ச் அடித்து, இன்டர்கூலருக்கும் (டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும் பாருங்கள். அலுமினியத்தை அரிக்காத கிளீனர் போட்டு ஊறவைத்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்கள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும். அப்புறம் அந்தப் பிரீதர் குழாயை நீட்டி, புகை ஃபேனுக்குள் இழுபடாத இடத்தில் விடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் அதே கதைதான்.

அடுத்தது ஃபேன். முன்பக்க எஞ்சின் வண்டியில் ஏற்றத்தில் வெப்பம் காட்டும் முள் ஏறியும் ஃபேனின் இரைச்சல் கேட்கவில்லை என்றால், சூடு ஏறும்போது ஃபேனை எஞ்சினோடு இணைத்துச் சுற்றவைக்கும் ஃபேன் கிளட்ச் மேல்தான் முதல் சந்தேகம்; அதன் நடுவில் எண்ணெய் கசிந்த தடம் இருந்தால் மாற்றிவிடலாம். எஞ்சினில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் போடும் யோசனை சின்ன வண்டிக்குச் சரி, இங்கே எனக்கு உடன்பாடில்லை. 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் இழுத்தாலும் அரை கிலோவாட்டுக்குக் கீழேதான்; பெரிய எஞ்சினின் ஃபேன் முழு வேகத்தில் அதைப் போலப் பல மடங்கு சக்தி எடுக்கும். பக்கவாட்டு ரேடியேட்டர் வண்டிகளில் உள்ள ஹைட்ராலிக் ஃபேன் (எண்ணெய் அழுத்தத்தால் சுற்றுவது) காற்று தள்ளுவதில் குறை வைக்காது, ஆனால் அதன் வால்வோ சென்சாரோ மக்கர் செய்தால் பாதி வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் மேல் தண்ணீர் தெளிக்கும் அமைப்பை விளையாட்டு என்று ஒதுக்க மாட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் முழுசாக ஆவியாக ஏறக்குறைய 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஆவியானால் 37 கிலோவாட்டுக்கு மேல் வெளியேறுகிறது. ஆனால் உப்புத் தண்ணீர் என்றால் ஃபின்களில் வெள்ளையாகப் படியும், ஈரப்பதம் நிறைந்த நாளில் பலனும் குறையும். குறுகிய ஏற்றத்துக்கு உதவும், நாள் முழுக்க நம்ப முடியாது.

சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது வேண்டவே வேண்டாம். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராது, சிலவற்றில் கூலன்ட் ரேடியேட்டருக்குள் போகாமல் பைபாஸ் (மாற்றுப் பாதை) வழியாகவே ஓடிவிடும்.

காசே செலவாகாத வழி, முள் ஏறத் தொடங்கும்போதே ஒரு கியர் குறைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துவது. எஞ்சின் சுற்று கூடினால் வாட்டர் பம்பும் பெல்ட்டில் ஓடும் ஃபேனும் வேகமாகச் சுற்றும்.

இத்தனையும் செய்து, ஷ்ரவுடின் (ஃபேனைச் சுற்றிக் காற்றை ரேடியேட்டர் வழியாகச் செலுத்தும் கூடு) ஓரங்களில் சூடான காற்று திரும்பி வரும் சந்துகளையும் அடைத்த பிறகும் சூடானால், அப்போது பெரிய ரேடியேட்டருக்குச் செலவழியுங்கள். அதையும், இருக்கும் ஃபேன் அந்தக் கூடுதல் தடிமன் வழியாகக் காற்றைத் தள்ளுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.