டிக்கெட் ஒருவருடையது, விமானம் இன்னொருவருடையது

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். ஏறிப் பறந்த விமானத்துக்கும் அதன் ஊழியர்களுக்கும் 5க்கு 4. டிக்கெட் விற்ற நிறுவனத்துக்கு 5க்கு 2. இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்பதால் சேர்த்துப் போட முடியவில்லை.

ஐரோப்பாவின் பெரிய விமான நிறுவனம் ஒன்றில் பார்சிலோனாவுக்குப் பதிவு செய்திருந்தோம், நானும் மனைவியும். சிங்கப்பூரிலிருந்து போய், அந்த விமானம் ஏற வேண்டிய ஊரில் இறங்கினால், அந்த நிறுவனத்தின் கேபின் ஊழியர்கள் சம்பளப் பிரச்சினையில் வேலைநிறுத்தம் என்கிறார்கள். "உங்கள் பயணம் திட்டமிட்டபடி நடக்கும்" என்று மின்னஞ்சல் வந்தது. நடந்தது. எந்த விமானத்தில், யார் ஓட்ட என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

வாயிலில் நின்றது முழு வெள்ளை ஏர்பஸ் ஏ320. வாலில் சின்னம் இல்லை, பக்கவாட்டில் பெயர் இல்லை. "என்னங்க, இது நம்ம விமானம்தானா?" என்றாள் மனைவி. நான் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். கண் தானாகப் பதிவெண்ணுக்குத்தான் போகும். எல்ஒய் என்று தொடங்கினால் லித்துவேனியா. வெட் லீஸ் என்று புரிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு: இந்த ஏற்பாட்டில் விமானம், அதை இயக்கும் ஆட்கள், பராமரிப்பு, காப்பீடு நான்கும் ஒரே பொட்டலமாக வாடகைக்கு வரும். எரிபொருள், தரையிறங்கும் கட்டணம் எல்லாம் எடுப்பவர் தலையில். மணிக்கணக்கில் வாடகை, பறந்தாலும் பறக்காவிட்டாலும் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரத்துக்கு என்று பணம் கட்டியாக வேண்டும். பெரிய எடுத்துக்காட்டு 2017 ஜூலை. பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரு பிரிவு கேபின் ஊழியர்கள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது, கத்தார் ஏர்வேஸின் 9 விமானங்கள் ஊழியர்களோடு லண்டனுக்கு வந்து இறங்கின. யுனைட் தொழிற்சங்கம் எதிர்த்தும் அனுமதி கிடைத்தது. கத்தாருக்கு அதன் அண்டை நாடுகள் அந்த ஜூன் மாதம்தான் வான்வெளியை மூடியிருந்ததால், அதனிடம் வேலையில்லாமல் நின்ற விமானங்கள் இருந்தன.

வேலைநிறுத்தத்துக்கு மட்டும்தான் இது என்றும் இல்லை. நம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2008இலிருந்து ஓடிய ஒரு ஏ380, பிறகு ஹை ஃபிளை என்ற போர்ச்சுகல் நிறுவனத்திடம் போய், 2018 ஆகஸ்டில் நார்வீஜியன் விமான நிறுவனத்துக்காக லண்டன் நியூயார்க் தடத்தில் பறந்தது. அங்கே தகராறு ஆட்களோடு இல்லை, அந்த நிறுவனத்தின் போயிங் 787 விமானங்களின் என்ஜினோடு.

சரி, உள்ளே போவோம். இருக்கை மெல்லியது, சாயாத வகை, முழங்காலுக்கு இடம் குறைவு. கழிவறையில் ஒரு அறிவிப்பு துருக்கி மொழியில். முன்பு யாரிடம் ஓடியதோ! சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. தரை விரிப்பின் ஓரம், ஜன்னல் சட்டம், மேல் பெட்டியின் தாழ்ப்பாள் என்று நான் வழக்கமாக நோண்டும் இடங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டாவது என்ஜினை இயக்கும்போது தரைக்கடியிலிருந்து நாய் குரைப்பது போல ஒரு சத்தம் வரவே மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏ320 குடும்பத்தில் இது சகஜம். இதன் ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்த அமைப்புகளில் பச்சை, மஞ்சள் என்று இரண்டு உண்டு. ஒன்றின் அழுத்தத்தை மற்றதற்குக் கடத்தும் கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. வாடகை விமானமோ சொந்த விமானமோ, குரைக்கும்.

ஊழியர்கள் நால்வரும் கனிவானவர்கள். வெள்ளிக்கிழமை என்பதால் மனைவி சைவம் கேட்டு முன்பதிவு செய்திருந்தாள். அது ஏறவே இல்லை. அவர்களில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டு, தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஆப்பிளும் ரொட்டியும் எடுத்து வந்து தந்தாள். இன்று இந்த நிறுவனம், அடுத்த மாதம் வேறு நாட்டில் வேறு நிறுவனம், வாரக்கணக்கில் ஓட்டல் அறை என்றாள். எனக்கு அவளிடம் எந்தப் புகாரும் இல்லை.

ஆனால் முனைய வாசலில் மஞ்சள் சட்டையோடு வேலைநிறுத்தத்தில் நின்றவர்களையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினோம். "அவங்க சம்பளத்துக்குத்தானே நிக்கிறாங்க, நாம இதுல போறது சரியாங்க?" என்று மனைவி கேட்டாள். சிங்கப்பூரில் இந்தக் கேள்வி அதிகம் எழுவதில்லை. 2012இல் சீனாவிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநர்கள் வேலைக்குப் போகாமல் இருந்தபோது நாடே அதைப் பற்றிப் பேசியது, அவ்வளவு அபூர்வம். நானும் சங்கச் சந்தா கட்டியவன். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கப் பணம் இருக்கும்போது பேச்சுவார்த்தை மேசையில் கையை விரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்த 2.

மீதிக் காரணம், சொல்லாமல் மாற்றியது. யார் விமானத்தை இயக்குகிறார் என்று பயணிக்குத் தெரிவிக்க வேண்டும், பிறகு மாறினால் அதையும் உடனே சொல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005இலேயே சட்டம் வந்துவிட்டது. தாமதமானால் பொறுப்பு யாருக்கு என்பதிலும் குழப்பம் வேண்டாம்: ஊழியரோடு விமானத்தை வாடகைக்குக் கொடுத்தவர் அல்ல, எடுத்தவர்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சொந்த ஊழியர்களின் சங்கம் நடத்தும் வேலைநிறுத்தத்தை அசாதாரணச் சூழல் என்று சாக்குச் சொல்லித் தப்பவும் முடியாது. அது 2021இல் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் வழக்கில் முடிவானது. நாங்கள் போய்ச் சேர்ந்தது இரண்டு மணி நேரம் தாமதமாக. மூன்றைத் தொட்டிருந்தால் அந்தத் தொலைவுக்கு ஆளுக்கு 250 யூரோ கேட்டிருப்பேன்.

மனைவிக்கு முழங்கால் வலி. கால் நீட்ட வசதியான இருக்கைக்கென்று தனியாக 28 யூரோ கட்டியிருந்தோம். வெள்ளை விமானத்தில் அந்த வரிசை எண்ணில் சாதாரண இருக்கைதான் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினால், "உங்கள் இருக்கை எண் மாறவில்லை" என்று பதில் வருகிறது. படத்தோடு மறுபடி அனுப்பியிருக்கிறேன். பணம் வந்தால் 2ஐ இரண்டரை ஆக்கிவிடுகிறேன்.