பி.ஆரா, குடியுரிமையா?

கனடாவில் குடியேறுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை. வேலை, படிப்பு என்று பெரும்பாலானவற்றுக்கு அதுவே போதும். பழைய பாஸ்போர்ட்டும் கையில் இருக்கும். ஆனால் வாக்குரிமை கிடையாது. 5 ஆண்டுகளில் 730 நாளாவது அங்கே இருந்தாக வேண்டும். கடுமையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் முடியும்.

குடியுரிமைக்கு இந்தப் பயம் இல்லை. வெளிநாட்டில் எத்தனை வருடம் இருந்தாலும் போகாது. அதனால்தான், வயதான பெற்றோருடன் மாதக்கணக்கில் போய் இருக்க வேண்டியவர்களுக்கு இதுவே நிம்மதி என்பேன். விண்ணப்பிக்க, முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பயணத் தேதிகளை அப்போதைக்கப்போதே குறித்து வையுங்கள், பின்னால் தேடுவது பெரும்பாடு.

அப்புறம், கனடா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. பிறந்த நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.