ஆள் போய்விட்டால் எது தாங்கும்?

மின் நிலையங்களின் எரிபொருள் சேமிப்பை, அதிலும் அணு எரிபொருளை, எடைபோட நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: காவலுக்கு இருப்பவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டால், அது எத்தனை நாள் ஆபத்தில்லாமல் சும்மா கிடக்கும்?

நிலக்கரி இதில் உடனே தோற்றுவிடுகிறது. 1000 மெகாவாட் நிலையம் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் கேட்கும். குவியலில் காற்று பட்டு உள்ளே சூடேறி, யாரும் பற்றவைக்காமலே அது புகையத் தொடங்கும். அதே மின்சாரத்துக்குச் செறிவூட்டிய யுரேனியம் 25 முதல் 30 டன் போதும். விரல் நுனி அளவிலான கறுப்பு யுரேனிய வில்லை ஒன்று, 10 கிராம்கூடத் தேறாதது, ஏறத்தாழ ஒரு டன் நிலக்கரியின் வேலையைச் செய்துவிடும். புதிய வில்லையைக் கையுறை போட்டுக் கையிலேயே எடுக்கலாம். கோல்களாகக் கட்டி அடுக்கும்போது போதிய இடைவெளி விட்டு, தண்ணீர் புகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

உலைக்குள் போய்வந்த பிறகு அதே வில்லைக்கு வேறு பிறவி. அணுப்பிளவு நின்ற பிறகும், உள்ளே உண்டான தனிமங்கள் சிதைந்து சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். முதலில் அது போவது நிலையத்துக்குள் இருக்கும் குளிர்நீர்க் குளத்துக்கு. ஆழம் சுமார் 12 மீட்டர். அப்போதுதான் இறக்கிய கோல்களைச் சுற்றி நீல ஒளி படரும். அழகுதான், பம்ப் ஓடும்வரை. மின்சாரம் போய்விட்டால் நீர் சூடாகி வற்றத் தொடங்கும். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தின் நான்காம் உலைக் குளம் வற்றிவிட்டதோ என்று உலகமே பதறியது. வற்றவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. அதே வளாகத்தில், சுனாமி நீர் புகுந்த கட்டடத்துக்குள் இருந்த, பயன்படுத்திய எரிபொருளை நீரின்றி வைக்கும் உலர் கொள்கலன்களோ சேதமின்றி நின்றன.

கொள்கலனில் ஓடும் பாகமே இல்லை. எஃகுக் கலம், பல வகைகளில் அதைச் சுற்றிக் கான்கிரீட் உறை. கீழ்த்துளையில் நுழையும் காற்று சூடாகி மேலே வெளியேறும், அவ்வளவுதான். ஆனால் உலையிலிருந்து நேராக இதற்குள் போட முடியாது. பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளாவது குளத்தில் ஆறவேண்டும். அதற்குப் பிறகும் குளத்திலேயே நெருக்கி அடுக்குவதற்குச் செலவு மிச்சம் என்பதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

என் கேள்விக்கு முழு மதிப்பெண் ஆழ்நிலப் புதைப்புக்குத்தான். பின்லாந்தின் ஒன்கலோவில் 400 மீட்டருக்கும் கீழே, பழம்பாறைக்குள் செம்புக் கலம். சுற்றிலும் நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண். ஆள் இல்லாத காலத்துக்கென்றே கட்டியது. உறுத்தல் ஒன்றுண்டு: பயன்படுத்திய எரிபொருளில் சுமார் 95 சதவீதம் இன்னும் யுரேனியமே. மறுசுழற்சி ஆலை உள்ள நாடுகள் கொள்கலனோடு காத்திருக்கலாம். அந்த எண்ணமே இல்லாதவர்கள் இப்போதே தோண்டுவது நல்லது. ஒன்கலோவில் பாறையைக் குடையத் தொடங்கியது 2004-இல். 20 ஆண்டு கழித்து நடந்ததுகூட அசல் எரிபொருள் இல்லாத சோதனை ஓட்டம்தான்.