காஃபூர் எந்த வேரில் முளைத்தது? மூன்று அகராதிகள்

காரைக்குடியில் அத்தாவின் பலசரக்குக் கடையில் சுக்கும் கற்பூரமும் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கும். குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் சொர்க்கத்துப் பானத்தின் கலவையாக இரண்டும் வருகின்றன: 5ஆம் வசனத்தில் காஃபூர் என்னும் கற்பூரம், 17இல் ஸன்ஜபீல் என்னும் இஞ்சி. அகராதிகளை நான் எடைபோடுவது இந்தச் சொற்களை வைத்துத்தான்.

ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த தற்கால அரபி அகராதி, அரபுச் செய்தித்தாள் படிக்கச் சரி. வேதத்துக்கு வேண்டாம். இன்றைய அரபியில் ஸய்யாரா என்றால் கார். யூசுஃப் நபியைக் கிணற்றில் கண்டெடுத்த ஸய்யாராவோ (12:19) பயணக் கூட்டம்.

இடைக்கால அறிஞர் ராகிப் அல்-இஸ்ஃபஹானியின் 'முஃப்ரதாத்' அகராதி குர்ஆன் சொற்களுக்கென்றே எழுதப்பட்டது. 'கஃபர' என்ற வேருக்கு மூடுதல் என்று பொருள் சொல்கிறார். இறைமறுப்பாளரைக் குறிக்கும் காஃபிர் இந்த வேரில் வந்த சொல்; ஆட்களை மூடி மறைப்பதால் இரவும் காஃபிர், விதையை மண்ணில் மூடுவதால் விவசாயியும் காஃபிர். 57:20இல், மழையில் தழைத்த பயிரைப் பார்த்து மகிழும் 'குஃப்பார்' (காஃபிரின் பன்மை) உழவர்கள்தான் என்று விரிவுரையாளர்கள் பலரும் சொல்வார்கள். எங்களுடையது மானம் பார்த்த பூமி. விதைத்து, மண்ணை மூடி, வானத்தைப் பார்த்து நிற்கிறவரை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வசையாக வீசப்படும் ஒரு சொல்லுக்குள் அவர் இருக்கிறார் என்று படித்த அன்று, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஆனால் ராகிப் காஃபூரையும் இதே வேரின் கீழ் வைத்துவிடுகிறார். இங்கேதான் ஆர்தர் ஜெஃப்ரி தேவைப்படுகிறார். குர்ஆனின் பிறமொழிச் சொற்களைத் தொகுத்த அவர் நூல் 1938இல் பரோடாவில் வெளியானது. காஃபூர் கடல் கடந்த சொல். மலாயில் காப்பூர் என்றால் சுண்ணாம்பு, காப்பூர் பாருஸ் என்றால் கற்பூரம். சுமத்ராவின் அந்தப் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் தமிழ்க் கல்வெட்டே பொறித்திருக்கிறது. நகரத்தார் கொண்டுவிற்கப் போவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பு! ஸன்ஜபீலும் அப்படித்தான்: பாலி மொழியின் சிங்கிவேர, அதற்குப் பின்னால் நம் இஞ்சிவேர் என்பது மொழியியலாளர் பலரின் முடிவு.

பிறமொழி மூலம் தேடுவது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். சட்ட அறிஞர் இமாம் ஷாஃபி குர்ஆனில் பிறமொழிச் சொல்லே இல்லை என்றார். பிற்கால அறிஞர் ஸுயூத்தி அத்தகைய சொற்களுக்குப் பட்டியலே போட்டார். இரண்டுமே நம் மரபு.

என் கணக்கில் முதலில் முஃப்ரதாத். வேர் பொருந்தாமல் இழுத்துக் கட்டியதுபோல் தெரிந்தால் அப்புறம் ஜெஃப்ரி.