புள்ளி வாக்கா, பயன்–உழைப்புக் கட்டமா?

செயலியில் அடுத்து எந்த வசதி என்று முடிவெடுக்கும் பட்டறை. சுவரில் 30 அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வசதி. புள்ளி வாக்கு என்றால், பிடித்த அட்டைகளில் ஸ்டிக்கர் ஒட்டி வாக்களிப்பது. அதற்கு 10 நிமிடம் போதும், ஆளுக்கு 5 ஸ்டிக்கர். ஆனால் மேலாளர் முதலில் ஒட்டினால் மற்றவர்களும் அங்கேயே ஒட்டுவார்கள். அதனால் அவரவர் தேர்வைத் தாளில் குறித்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். 'கைரேகை லாகின்', 'பாஸ்வேர்டு இல்லாத லாகின்' போன்ற ஒரே ஜாதி அட்டைகளை முன்பே சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாக்கு சிதறி இரண்டுமே தோற்கும்.

பயன்–உழைப்புக் கட்டம் என்றால், ஒவ்வொரு அட்டையையும் எவ்வளவு பயன், எவ்வளவு உழைப்பு என்று பார்த்து நான்கு கட்டங்களில் ஒன்றில் வைப்பது. அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். டெவலப்பர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. 'நெட் இல்லாமலும் ஓடணும்' என்ற ஒற்றை வரிக்குள் தரவு ஒத்திசைவு, முரண்பட்ட பதிவுகளைச் சரிசெய்வது என்று வாரக்கணக்கான வேலை ஒளிந்திருக்கும். எல்லா அட்டையும் 'அதிகப் பயன்' பக்கம் குவிந்தால், இரண்டிரண்டாக ஒப்பிட்டு இடம் மாற்றுங்கள்.

அரை நாள் கிடைத்தால், வாக்கில் 30-ஐ 10 ஆக்கி, அந்தப் பத்தை மட்டும் கட்டத்தில் வையுங்கள்.